புக்கிட் மேரா: வழக்கில் தோற்ற ஊர், சுத்தம் செய்யப்பட்ட மண்



வரலாற்றுப் பாடத்தில் கிந்தா பள்ளத்தாக்கு வந்துவிட்டால் நமக்குச் சொல்ல நிறைய இருக்கும். ஈய லம்பங்கள், சீனத் தொழிலாளர்கள், இரயில் பாதை போட வந்த நம்மவர்கள், ஈயப் பணத்தில் எழுந்த ஈப்போ நகரம் என்று அடுக்கிக்கொண்டே போகலாம். ஆனால், "ஈயத்தைத் தோண்டி எடுத்துட்டாங்க, அப்புறம் என்ன மிச்சம் இருந்துச்சு டீச்சர்?" என்று ஒரு பிள்ளை கேட்டால் என்ன சொல்வோம்? குட்டைகளையும் மணல் மேடுகளையும் காட்டுவோம். அவற்றோடு இன்னொரு மிச்சமும் இருந்தது. அந்த மிச்சம் ஒரு தொழிற்சாலையை உண்டாக்கியது, ஓர் ஊரையே நீதிமன்றப் படி ஏற வைத்தது, கடைசியில் ஒரு மலை உச்சிக்குள் போய் அடங்கியது. இடையில் ஒரு சமரச உடன்பாடும் நடந்தது. அந்த உடன்பாட்டின் பணம் பள்ளிக்கூடங்களுக்குப் போனது.

பாடநூலில் இதற்குப் பெரிய இடம் இல்லை. அதனால் நாமாவது தெரிந்து வைத்திருப்போம் என்றுதான் இந்தக் கட்டுரை. படிக்கும்போது ஒரு கேள்வியை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்: ஒரு கழிவு இடத்தைப் பற்றி "பேசித் தீர்த்துக்கொண்டார்கள்" என்றால், உண்மையில் எது தீர்ந்தது?

ஈயத்தின் மிச்சம்

ஈயத்தைக் கழுவிப் பிரித்த பிறகு தேங்கும் கனமான மணலுக்கு அமாங் என்று பெயர். பேராக்கில் லம்பத்தில் வேலை செய்த குடும்பங்களுக்கு இந்தச் சொல் பழக்கமானது. அந்த அமாங்கில் மோனசைட் என்ற கனிமம் இருக்கிறது. மோனசைட்டில் 'அரிய மண்' தனிமங்கள் உண்டு. வண்ணத் தொலைக்காட்சி பரவிய காலத்தில் திரைக்கு நிறம் கொடுக்க இவை தேவைப்பட்டன. பல ஆண்டுகள் சும்மா கிடந்த மணலுக்கு திடீரென்று விலை வந்தது.

1979-இல் ஏசியன் ரேர் எர்த் என்ற நிறுவனம் தொடங்கப்பட்டது. ஜப்பானின் மிட்சுபிஷி கெமிக்கலுக்கு 35 விழுக்காடு, உள்ளூர் நிறுவனமான பே மினரல்சுக்கு 35 விழுக்காடு, தாபோங் ஹாஜிக்கு 20 விழுக்காடு, மீதி உள்ளூர் வணிகர்களுக்கு என்று பங்கு பிரிந்திருந்தது. ஈப்போவுக்கு அருகே, லாஹாட்டை அடுத்த புக்கிட் மேரா புதுக்கிராமத்துப் பக்கம் ஆலை எழுந்தது. 1982-இல் உற்பத்தி தொடங்கியது.

சிக்கல் எங்கே என்றால், மோனசைட்டில் அரிய மண்ணோடு தோரியமும் சேர்ந்தே இருக்கிறது. தோரியம் கதிரியக்கம் உள்ளது. அரிய மண்ணை எடுத்துக்கொண்டால் தோரியம் கழிவாக நின்றுவிடும். அதன் அரை ஆயுட்காலம் ஏறத்தாழ 1,400 கோடி ஆண்டுகள். அறிவியல் ஆசிரியர்கள் இந்த எண்ணை வகுப்பில் எழுதிக் காட்டலாம். பூமியின் வயதே ஏறத்தாழ 450 கோடி ஆண்டுகள்தான். ஆகவே 'காத்திருந்தால் சரியாகிவிடும்' என்ற வழி இங்கே கிடையாது. எங்காவது பாதுகாப்பாக வைத்தே ஆக வேண்டும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். நாட்டின் அணுசக்தி உரிமச் சட்டம் 1984-இல் இயற்றப்பட்டது. அணுசக்தி உரிம வாரியம் 1985-இல்தான் அமைந்தது. ஆலையோ 1982-லேயே ஓடத் தொடங்கிவிட்டது. கழிவு முதலில் வந்தது, அதைக் கண்காணிக்கும் வாரியம் மூன்று ஆண்டு கழித்து வந்தது.

குழி தேடி அலைந்த கழிவு

கழிவைப் புதைக்க முதலில் பாரிட் பகுதியில் இடம் பார்த்தார்கள். அங்குள்ளவர்கள் வேண்டாம் என்றார்கள். அடுத்து பாப்பான் என்ற சிறு ஊர். அங்கே குழிகள் வெட்டப்படுவது தெரிந்ததும் ஊர் கொதித்தது. ஆயிரக்கணக்கானோர் மறுப்புக் கடிதத்தில் கையெழுத்திட்டார்கள். குழிக்குப் போகும் சாலையை மறித்தார்கள். பெண்களும் பிள்ளைகளும் கூட ஊர்வலம் போனார்கள். பாதுகாப்பு ஏற்பாடுகள் எல்லாம் செய்தாகிவிட்டது என்று அரசாங்கம் சொன்னது. ஆனால் அரசு அழைத்து வந்த அனைத்துலக அணுசக்தி முகமையின் நிபுணர்களே குழிகளைப் பார்த்துவிட்டு, இவை பாதுகாப்பானவை அல்ல என்றார்கள்.

1985 ஜனவரியில் அமைச்சரவை பாப்பானைக் கைவிட்டு, கிளேடாங் மலைத்தொடரில் வேறோர் இடத்தைத் தேர்ந்தெடுத்தது. பாப்பான் மக்கள் மூச்சு விட்டார்கள். ஆனால் புதைக்க இடம் தேடி அலைந்த அந்த ஆண்டுகளில் எல்லாம் கழிவு எங்கே இருந்தது? ஆலைக்குப் பக்கத்தில், புக்கிட் மேராவிலேயே. பாப்பான் போராட்டம் கொடுத்த இந்தக் கேள்வியில் இருந்துதான் புக்கிட் மேரா மக்களின் வழக்கு பிறந்தது என்று சொல்லலாம். ஜப்பானிய கதிரியக்க நிபுணர் சடாவ் இச்சிகாவா ஆலையைச் சுற்றி அளந்து பார்த்து, அனுமதிக்கப்பட்ட அளவைவிடக் கதிரியக்கம் மிக அதிகம் என்று அறிவித்தார்.

எட்டுப் பேர் போட்ட வழக்கு

1985 பிப்ரவரி 1-ஆம் நாள், எட்டு குடியிருப்பாளர்கள் ஈப்போ உயர் நீதிமன்றத்தில் வழக்குப் பதிவு செய்தார்கள். தங்களுக்காகவும், புக்கிட் மேரா, லாஹாட், மெங்லெம்பு வட்டாரத்தில் வாழும் ஏறத்தாழ 10,000 பேருக்காகவும் அந்த வழக்கு. பினாங்கு பயனீட்டாளர் சங்கமும் சஹாபாட் ஆலாம் மலேசியாவும் துணை நின்றன. மக்கள் தரப்பு வழக்கறிஞர்களில் ஒருவர் மீனாட்சி இராமன். பொதுநல வழக்கு என்ற சொல்லே நம் நாட்டில் புதிதாக இருந்த காலத்தில், ஒரு தமிழ்ப் பெண் வழக்கறிஞர் சீனப் புதுக்கிராமத்து மக்களுக்காக வாதாடினார். பெண் ஆளுமைகளைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொல்லும்போது இந்தப் பெயரையும் பட்டியலில் சேர்க்கலாம், இல்லீங்களா?

1985 அக்டோபர் 14-ஆம் நாள் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. போதிய பாதுகாப்பு ஏற்பாடு செய்யும் வரை கதிரியக்கக் கழிவை உண்டாக்கவும் கூடாது, வைத்திருக்கவும் கூடாது என்பது ஆணை. ஆலை நின்றது. ஆனால் 1987 பிப்ரவரியில் புதிய வாரியம் உரிமம் கொடுத்தது, ஆலை மறுபடியும் ஓடியது. அந்த ஏப்ரலில் 10,000 பேருக்கும் மேல் ஊர்வலம் போனார்கள். செப்டம்பர் 7-ஆம் நாள் முழு விசாரணை தொடங்கியபோது, முதல் நாளே ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் நீதிமன்ற வாசலில் கூடி நின்றார்கள்.

அடுத்த மாதமே ஓப்ராசி லாலாங். இசா சட்டத்தின் கீழ் நாடு முழுவதும் நூற்றுக்கும் மேற்பட்டோர் கைது செய்யப்பட்டார்கள். பேராக் கதிரியக்க எதிர்ப்புக் குழுவினர் பலர் அதில் இருந்தார்கள். மீனாட்சி இராமனும் இருந்தார். வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே வழக்கறிஞர் தடுப்புக் காவலில்! இந்த நிலையிலும் ஊர் வழக்கைக் கைவிடவில்லை.

விசாரணை 1990 பிப்ரவரி வரை நீண்டது. மக்கள் தரப்பில் கனடா நாட்டு அறிவியலாளர் ரோசலி பெர்ட்டல் போன்றோர் வந்தார்கள். மருத்துவர் தி. ஜெயபாலன் அந்த ஊர்ப் பிள்ளைகளைப் பரிசோதித்து, அவர்களின் உடல்நிலை பற்றி ஆண்டுக்கணக்கில் பேசி வந்தார். 11,000 பேர் வாழும் வட்டாரத்தில் ஐந்து ஆண்டுக்குள் எட்டு பேருக்கு இரத்தப் புற்றுநோய் வந்தது, அதற்கு முன்பு பல ஆண்டுகள் அப்படி ஒரு நோயே இங்கு இல்லை என்பது ஊர் மக்களின் வாதம். கருச்சிதைவு, பிறவிக் குறைபாடு பற்றியும் தாய்மார்கள் பேசினார்கள். நிறுவனமோ, எங்கள் நிபுணர்கள் அளந்து பார்த்துவிட்டார்கள், கதிரியக்கம் வரம்புக்குள்தான் இருக்கிறது என்றது.

1992 ஜூலை 11-ஆம் நாள் நீதிபதி பே சுவீ சின் தீர்ப்பளித்தார். ஊர் வென்றது. 14 நாளுக்குள் ஆலையை மூட வேண்டும் என்பது ஆணை. ஏழு ஆண்டுக் காத்திருப்புக்குப் பிறகு கிடைத்த வெற்றி. சட்டப் பதிவேடுகளில் இந்த வழக்கின் தலைப்பைப் பார்த்தால், முதல் வாதியின் பெயருக்குப் பக்கத்தில் 'காலமானவர்' என்று குறித்திருக்கும். தீர்ப்பைக் கேட்க அவர் இல்லை.

அந்த மகிழ்ச்சியும் ஒரு மாதம் நிலைக்கவில்லை. நிறுவனம் மேல்முறையீடு செய்தது. ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் மூடல் ஆணையை நிறுத்தி வைத்தது. 1993 டிசம்பர் 23-ஆம் நாள் தீர்ப்பையே மாற்றியது. இரண்டு காரணங்கள் சொல்லப்பட்டன. ஒன்று, நிறுவனத்தின் நிபுணர்களே நேரடியாகச் சோதனை செய்தவர்கள், அவர்களின் சாட்சியம்தான் நம்பத்தக்கது. இரண்டு, உரிமம் கொடுத்தது வாரியம் என்றால், அதை ரத்து செய்யச் சொல்லி மக்கள் வாரியத்திடம்தான் போயிருக்க வேண்டும்.

சட்டப்படி கதை இங்கே முடிகிறது. ஊர் தோற்றது.

கதவு மூடியது, கழிவு இருந்தது

ஆனால் ஒரு மாதம்கூட ஆகவில்லை. 1994 ஜனவரியில், வழக்கில் வென்ற நிறுவனமே ஆலையை மூடுவதாக அறிவித்தது. பத்தாண்டு எதிர்ப்பைத் தாண்டி அங்கே தொழில் நடத்த முடியவில்லை.

ஆலையை மூடுவது ஒரு நாள் வேலை. மண்ணை என்ன செய்வது? கட்டடம், இயந்திரம், சுற்றுப்புற மண் எல்லாவற்றிலும் கதிரியக்கம். அதுபோக 80,000-க்கும் மேற்பட்ட இரும்பு பீப்பாய்களில் கதிரியக்கக் கழிவு ஒரு கான்கிரீட் கிடங்கில் இருந்தது.

இதன் பிறகு நடந்தது வெளியே பெரிதாகத் தெரியாமல் நடந்தது. 2011 மார்ச்சில் நியூயார்க் டைம்ஸ் நாளேடு விரிவாக எழுதிய பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. மிட்சுபிஷி கெமிக்கல் ஏறத்தாழ 10 கோடி அமெரிக்க டாலர் செலவில் சுத்தப்படுத்தும் வேலையில் இறங்கியிருந்தது. அரிய மண் தொழிலில் அதுவரை நடந்த மிகப் பெரிய கதிரியக்கச் சுத்திகரிப்புகளில் இது ஒன்று. ஆலை இடிக்கப்பட்டது. 11,000 லோரி நடை அளவுக்கு மாசுபட்ட பொருள் அகற்றப்பட்டது. சுமார் 5 கிலோமீட்டர் தள்ளி, வனக் காப்பகத்தில் ஒரு குன்றின் உச்சியை வெட்டி, உள்ளே புதைத்து, மேலே 20 அடிக்கும் அதிகமாகக் களிமண்ணும் கருங்கல்லும் போட்டு மூடினார்கள். பீப்பாய்களில் இருந்ததைச் சிமெண்டோடும் ஜிப்சத்தோடும் கலந்து அதே குன்றுக்குள் வைப்பது அன்று அடுத்த கட்டத் திட்டமாக இருந்தது.

இதோடு ஓர் உடன்பாடும் உண்டு. நீதிமன்றத்துக்கு வெளியே ஊர் மக்களோடு நிறுவனம் செய்துகொண்ட சமரசம் அது. அதன்படி, ஊரின் பள்ளிகளுக்கு 164,000 அமெரிக்க டாலர் நன்கொடை வழங்க நிறுவனம் ஒத்துக்கொண்டது. அன்றைய மதிப்பில் ஏறக்குறைய 5 இலட்சம் ரிங்கிட். அதே நேரத்தில், நோய்களுக்கு எந்தப் பொறுப்பையும் நிறுவனம் ஏற்கவில்லை.

இந்த இரண்டு தொகையையும் கரும்பலகையில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். மண்ணுக்கு 10 கோடி டாலர். மனிதர்களுக்கு 164,000 டாலர். மண்ணுக்குச் செலவானது அறுநூறு மடங்கு அதிகம். மண்ணுக்கு அவ்வளவு தேவைப்பட்டது என்பதிலேயே ஒரு செய்தி இருக்கிறது. ஆபத்தில்லாத மண்ணுக்கு யாரும் 10 கோடி செலவழித்து மலையைக் குடைய மாட்டார்கள்.

மனிதருக்குக் கிடைத்ததோ இழப்பீடு என்ற பெயரில் வரவில்லை. 'நன்கொடை' என்ற பெயரில் வந்தது. தமிழ் ஆசிரியர்களாகிய நாம் இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். இழப்பீடு என்றால், உனக்கு ஓர் இழப்பு நேர்ந்தது, அதை ஈடு செய்கிறேன் என்று பொருள். அந்தச் சொல்லிலேயே ஓர் ஒப்புதல் அடங்கியிருக்கிறது. நன்கொடை என்றால், எனக்கு விருப்பம், கொடுக்கிறேன் என்று பொருள். பணம் ஒரே பணம்தான். சொல் மாறும்போது வரலாறு மாறிவிடுகிறது.

வேறோர் ஊர், இன்னொரு பள்ளிக்கூடம்

பொறுப்பை ஏற்காமல் பணம் கொடுப்பது புக்கிட் மேராவில் மட்டும் நடந்தது என்று நினைக்க வேண்டாம். நச்சுக் கழிவு இடங்களைப் பற்றிய உடன்பாடுகள் எங்கும் பெரும்பாலும் இப்படித்தான் எழுதப்படுகின்றன. ஆனாலும் எழுதப்படும் முறையில் வேறுபாடு உண்டு. அதைப் பார்க்க, இத்தகைய உடன்பாடுகளுக்கென்றே சட்டம் போட்ட அமெரிக்காவின் கதையைச் சுருக்கமாகப் பார்ப்போம். அதிலும் ஒரு பள்ளிக்கூடம் வருகிறது.

நியூயார்க் மாநிலத்தில் நயாகரா ஃபால்ஸ் நகரில், பாதியில் விட்ட ஒரு கால்வாய் இருந்தது. பெயர் லவ் கெனால். 1942 முதல் 1953 வரை ஹூக்கர் என்ற இரசாயன நிறுவனம் அதில் ஏறத்தாழ 21,000 டன் கழிவைக் கொட்டி மூடியது. 1953-இல் அந்த நிலத்தை நகரின் பள்ளி வாரியத்துக்கு 1 டாலருக்கு விற்றது. பத்திரத்தில், கீழே இரசாயனம் இருக்கிறது, பின்னால் ஏதும் நடந்தால் எங்கள் மேல் வழக்குப் போடக் கூடாது என்று எழுதி வாங்கிக்கொண்டது. அங்கே தொடக்கப்பள்ளி கட்டினார்கள். சுற்றிலும் வீடுகள் வந்தன.

1970-களின் கடைசியில் வீட்டு நிலவறைகளில் இரசாயனம் கசிந்தது. அந்தப் பள்ளியில் படித்த ஒரு சிறுவனின் தாய் லோயிஸ் கிப்ஸ், வீடு வீடாகப் போய் நோய்க் கணக்கு எடுத்தார். 1978 ஆகஸ்டில் மாநில அரசு அவசரநிலை அறிவித்து பள்ளியை மூடியது. முதலில் 239 குடும்பங்கள் இடம் மாற்றப்பட்டன, பிறகு நூற்றுக்கணக்கில். இதன் அதிர்ச்சியில் பிறந்ததுதான் 1980 டிசம்பரில் அதிபர் கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம். 'சூப்பர்ஃபண்ட்' என்று எல்லாரும் அதை அழைக்கிறார்கள்.

அதன் கருத்து எளிது: மாசுபடுத்தியவர்தான் பணம் கட்ட வேண்டும். அந்தக் காலத்தில் அதைத் தடுக்கச் சட்டம் இல்லையே என்று தப்பிக்க முடியாது. கழிவு கொட்டியவர் பலர் என்றால், ஒருவரிடமே முழுத் தொகையையும் கேட்கலாம். யாரும் முன்வராவிட்டால் அரசு நிதியில் சுத்தம் செய்துவிட்டுப் பின்னால் வழக்குப் போட்டு வசூலிக்கலாம். இப்படி ஒரு பிடி இருப்பதால் நிறுவனங்கள் பேசித் தீர்க்க வருகின்றன. ஒத்துக்கொண்டதை எழுதி நீதிபதி முன் வைக்க வேண்டும். அவர் கையெழுத்திடுவதற்கு முன், பொது மக்கள் படித்துக் கருத்துச் சொல்ல 30 நாள் அவகாசம் தர வேண்டும்.

லவ் கெனால் வழக்கை அமெரிக்க அரசு 1979-இல் தொடுத்தது. ஹூக்கரை வாங்கியிருந்த ஆக்சிடென்டல் நிறுவனம் இந்தச் சட்டப்படி பொறுப்பாளிதான் என்று 1988-இல் நீதிமன்றம் சொன்னது. 1994-இல் நியூயார்க் மாநிலத்துக்கு 9 கோடியே 80 இலட்சம் டாலரும், 1995-இல் மத்திய அரசுக்கு 12 கோடியே 90 இலட்சம் டாலரும் தருவதாக அந்நிறுவனம் உடன்பட்டது. குடியிருப்பாளர்களின் தனி வழக்கு 1983-லேயே ஏறத்தாழ 2 கோடி டாலரில் முடிந்திருந்தது. அரசு வழக்கு மட்டும் 16 ஆண்டு இழுத்தது. ஆக, அங்கேயும் எதுவும் சுலபமாக நடக்கவில்லை.

இரண்டையும் பக்கத்தில் வைத்தால்

உடன்பாட்டைக் குறை சொல்வது எளிது. ஆனால் அதில் கையெழுத்து போடுகிறவரின் இடத்தில் இருந்து பாருங்கள். இந்த வழக்குகளில் காலம் எப்போதும் பணக்காரத் தரப்பின் பக்கம் நிற்கிறது. சாட்சிகள் முதுமை அடைகிறார்கள், இறக்கிறார்கள். ஒரு பிள்ளையின் நோய்க்கு இந்த ஆலைதான் காரணம் என்று ஐயத்துக்கு இடமின்றிக் காட்டுவது மிகக் கடினம். எட்டு நோயாளிகள் ஊருக்கு எட்டு துயரம். புள்ளிவிவர வல்லுநருக்கோ அது சிறிய எண். போராடித் தோற்பதைவிட, கிடைக்கும் தொகையையும் சுத்தமான நிலத்தையும் வாங்கிக்கொள்வோம் என்று ஒரு தாய் முடிவு செய்தால் அவரைக் குற்றம் சொல்ல முடியாது.

நிறுவனத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. பொறுப்பை ஏற்றால் அடுத்தடுத்து வழக்கு வரும். ஏற்க வேண்டியதில்லை என்றால் பணம் கொடுக்கச் சம்மதிக்கும். பொறுப்பைப் பற்றி அதில் பேசாமல் விட்டதால்தான் சில இடங்களில் மண் விரைவாகச் சுத்தமாகிறது என்பதும் உண்மை.

ஆனால் அந்த மௌனத்துக்கு ஒரு விலை இருக்கிறது. லவ் கெனாலில் பொறுப்பு யாருடையது என்பது ஒரு தீர்ப்பாக எழுதப்பட்டது. மத்திய அரசோடு செய்த உடன்பாடும் பொதுப் பதிவில் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கலாம். புக்கிட் மேராவில் பொறுப்பைச் சொன்ன ஒரே தீர்ப்பு மேல்முறையீட்டில் தள்ளுபடியானது. அதற்குப் பின் நடந்த சுத்திகரிப்பும் சமரசமும் அமைதியாகவே நடந்தன. பத்தாண்டு, இருபதாண்டு கழித்து ஓர் இளைஞர் அந்த வழியாகப் போனால், அங்கே என்ன நடந்தது என்று சொல்ல அவருக்கு என்ன இருக்கிறது? பழைய நாளேடும், சட்டப் பதிவேடும், வயதானவர்களின் நினைவும்தான்.

2011-12-இல் குவாந்தானுக்கு அருகே கெபெங்கில் லைனஸ் ஆலை வந்தபோது மக்கள் ஏன் அவ்வளவு பதறினார்கள் என்பது புக்கிட் மேரா தெரிந்தவர்களுக்குத்தான் புரியும். அந்த ஆலை நல்லதா கெட்டதா என்பது தனி விவாதம். ஆனால் பழைய கதை தெளிவாக எழுதி வைக்கப்படாத நாட்டில், புதிய ஆலையைப் பற்றிய விவாதம் அச்சத்தில் தொடங்கி அச்சத்திலேயே முடியும். அளந்து பேச ஆதாரம் வேண்டும். 2019 மார்ச்சில் ஜொகூர் பாசிர் கூடாங்கில், சுங்கை கிம் கிம் ஆற்றில் இரசாயனக் கழிவு கொட்டப்பட்டு 111 பள்ளிகள் மூடப்பட்டன. நம்மில் பலருக்கும் நம் மாணவர்களுக்கும் இது நினைவில் இருக்கும். கழிவு எங்கே கொட்டப்பட்டாலும் பள்ளிக்கூடம் அதில் சிக்கிக்கொள்கிறது. பிள்ளைகள் நாள் முழுக்க ஒரே இடத்தில், ஒரே காற்றில் இருக்கிறார்கள், அதுதான் காரணம்.

வகுப்பறையில் எப்படிப் பயன்படுத்தலாம்?

இடைநிலைப்பள்ளி மாணவர்களுக்கு இது நல்ல ஆய்வுத் தலைப்பு. ஆறாம் ஆண்டு மாணவர்களுக்கும் சுருக்கிச் சொல்லலாம். சில வழிகள்:

காலக்கோடு. 1979 முதல் 2011 வரை முக்கிய நிகழ்வுகளை மாணவர்கள் ஒரு நீளத் தாளில் வரையட்டும். மேல் வரிசையில் நீதிமன்றத்தில் நடந்தவை, கீழ் வரிசையில் கழிவுக்கு நடந்தவை. இரண்டு வரிசையும் பொருந்தாத இடங்களை அவர்களே வட்டமிடட்டும். 1993 டிசம்பரும் 1994 ஜனவரியும் கட்டாயம் அவர்கள் கண்ணில் படும்.

சொல்லாய்வு. 'இழப்பீடு', 'நன்கொடை', 'நிவாரணம்', 'உதவித்தொகை', 'சமரசம்' ஆகிய ஐந்து சொற்களைக் கொடுங்கள். ஒவ்வொன்றிலும் கொடுப்பவர் யார், வாங்குபவர் யார், தவறு நடந்ததாகச் சொல் ஒத்துக்கொள்கிறதா என்று குழுவில் பேசட்டும். கருத்துணர்தல் பாடத்துக்கு இது நன்றாகப் பொருந்தும்.

இரு தரப்பு வாதம். உச்ச நீதிமன்றம் சொன்ன இரண்டு காரணங்களையும் ஒரு குழு ஆதரித்துப் பேசட்டும், இன்னொரு குழு மறுத்துப் பேசட்டும். நேரடியாக அளந்த நிபுணரை நம்புவதா, அங்கேயே வாழும் மக்களை நம்புவதா? இதில் சரியான விடை என்று ஒன்றை நாம் கொடுக்க வேண்டாம். காரணம் சொல்லிப் பேசப் பழகினாலே போதும்.

உடன்பாட்டை வாசிக்க நான்கு கேள்விகள். யார் பணம் கொடுக்கிறார்? கழிவு கடைசியில் எங்கே போகிறது? தவறு யாருடையது என்று எங்காவது எழுதியிருக்கிறதா? இனிமேல் அதைக் கண்காணிப்பது யார், எத்தனை ஆண்டுக்கு? நாளேட்டில் இப்படி ஒரு செய்தி வரும்போதெல்லாம் இந்த நான்கையும் கேட்டுப் பார்க்கலாம். புக்கிட் மேராவில் முதல் இரண்டுக்கும் பதில் உண்டு. மூன்றாவதற்கு இல்லை. நான்காவது, 1,400 கோடி ஆண்டு அரை ஆயுள் கொண்ட ஒரு பொருளைப் பற்றியது.

வாய்மொழி வரலாறு. ஈப்போ, லாஹாட், மெங்லெம்பு, பாப்பான் வட்டாரத்தில் பணிபுரியும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். அந்த நாளில் ஊர்வலம் போனவர்கள், ஆலையில் வேலை செய்தவர்கள், கடை வைத்திருந்தவர்கள் இன்னும் அங்கே இருக்கிறார்கள். அன்று முப்பது வயதில் இருந்தவர்களுக்கு இப்போது எழுபதைத் தொடும். தாத்தா பாட்டியிடம் பேசி வரச் சொல்லி மாணவர்களுக்கு ஒரு திட்டப்பணி கொடுங்கள். அனுமதி கேட்டு, பெயர் வெளியிட விரும்பாதவர் பெயரை விட்டுவிட்டு, சொன்னதைச் சொன்னபடியே எழுதச் சொல்லுங்கள். ஆலையில் வேலை கிடைத்ததால் குடும்பம் பிழைத்தது என்று ஒருவர் சொன்னால் அதையும் எழுத வேண்டும்.

அந்த உடன்பாடு பணத்தைப் பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்தது. என்ன நடந்தது என்பதை மட்டும் அது எழுதவில்லை. அதை எழுதி வைக்கும் வேலையையாவது பள்ளிக்கூடங்கள் செய்யலாம். எழுதி முடித்த திட்டப்பணிகளை எங்களுக்கு அனுப்பி வையுங்கள். மற்ற பள்ளிகளும் பார்க்கட்டும்.